முசே ரென்சோவுக்காக ஏழு தடவை செத்தேன்

எழுதிக்கோங்கம்மா. மொத வரிய நான் சொல்றபடியே போட்டுருங்க. ‘இத்தாலி தேசத்து சினிமா டைரக்டர் முசே ரென்சோ பெலிசாரிக்காக காரைக்கால் அம்பலவாணன் ஏழு தடவை செத்தான்.’ போட்டாச்சா? ஏழுன்னு எழுத்துல போடுங்க. நம்பர்ல போட்டா கண்ணுல படாது.

அவரப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு நீங்க எழுதினப்பவே எனக்குத் தரையில கால் பாவல. இந்த ஊர்ல அவரோட ஒரே தட்டுல நண்டு தின்னவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். மெட்ராஸ்லேருந்து பஸ்லயா வந்தீங்க? இடுப்பு விட்டுப் போயிருக்குமே. நல்லா சாஞ்சு உக்காருங்க. டேப்பு ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயிட்டான், ஆனா அவன் பென்ஷன் போவல. அப்பல்லாம் இங்க தெருவுக்கு நாலு பேரு பிரெஞ்சுப் பட்டாளத்துல இருப்பாங்க. சொல்தான்னு சொல்லுவோம். பென்ஷன் நின்னு போச்சுன்னா, புள்ளைக்குப் பேர் பதியணும்னா, புருஷன் ரெண்டு மாசமா தபால் போடலேன்னா, எல்லாரும் எங்கிட்டத்தான் வருவாங்க. பிரெஞ்சுல கடுதாசி எழுதித் தர்றது என் தொழில். ‘உங்கள் மனைவி வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள்’னு ஒரு வரி வப்பேன் பாருங்க, அந்த ரெஜிமெண்ட் மேஜரே ஆளக் கூப்பிட்டுத் திட்டி பதில் எழுத வச்சிடுவான். அப்படிப்பட்ட கை.

எம் பொஞ்சாதி பேரு தனக்கோடி. அப்ப அவளுக்கு இருபத்தெட்டு, எனக்கு முப்பத்தஞ்சு. கொழந்த கிடையாது. நான் பேசுவேன், அவ கேட்டுக்குவா. ஒரு சண்ட கிடையாது, சச்சரவு கிடையாது. அப்படி ஒரு குடும்பம்.

அறுபத்து மூணு பங்குனியில முசே ரென்சோ வந்தாரு. முசேன்னா ஐயான்னு அர்த்தம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளத் தொப்பி, செவந்த மூஞ்சி, நல்ல தொந்தி. கூட பீனோன்னு ஒரு கேமராக்காரன், குச்சி மாதிரி. பிரெஞ்சு தெரிஞ்ச ஆள் யாருன்னு விசாரிச்சு நேரா நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு. உக்காரக்கூட இல்ல. ‘உங்க ஊர்ல பயங்கரமா என்ன இருக்கு?’ன்னு கேட்டாரு.

அவரு தொழில் அதும்மா. ஆரம்பத்துல பேப்பருக்கு விபத்து போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தவரு. விபத்து நடக்காத வாரத்துல ரெண்டு சைக்கிள்காரன மோதச் சொல்லி எடுத்திருக்காரு. அங்கேருந்து அப்படியே சினிமா. உலகத்துல நடக்கிற கொடூரம், விநோதம், எல்லாத்தையும் ஒரே படத்துல காட்டுவாரு. படம் ஆரம்பிக்கிறப்ப ஒரு அட்டை வரும்: ‘நீங்கள் பார்க்கப்போவதில் நடிப்பு என்பதே கிடையாது.’ ரோமாபுரியில ஜனங்க கியூவுல நின்னு மயக்கம் போட்டு விழுவாங்களாம். ஆஸ்பத்திரி வண்டிய தியேட்டர் வாசல்லயே நிப்பாட்டி வப்பாராம். அதுவும் வாடகை வண்டிதான்.

நண்டு சாப்பிடுறப்ப ரகசியத்த உடைச்சாரு. ஏதோ ஒரு தீவுல பொண்ணுங்க மரத்தக் கட்டிக்கிறாங்கன்னு ஒரு காட்சி வச்சு ரொம்பப் பேரு வாங்கியிருந்தாரு. அது தீவே இல்லையாம். அவங்க மாமனார் தோட்டம். பத்துப் பொண்ணுங்கள வரச் சொன்னாராம், ஒம்பதுதான் வந்துச்சாம், பத்தாவது மரத்துக்கு பீனோ சேலை கட்டிக்கிட்டு நின்னானாம். சொல்லிட்டு சிரிக்கிறாரு, தொந்தி மேசைய இடிக்குது. எனக்கு அந்த நிமிஷமே அந்த மனுசனப் புடிச்சுப் போச்சு.

ஆனா நம்ம ஊர அவருக்குப் புடிக்கலம்மா. மாங்கனித் திருவிழாவப் பத்திச் சொன்னேன். மாடியிலேருந்து மாம்பழம் வீசுவாங்கன்னேன். ‘பட்டு யாராவது செத்திருக்காங்களா?’ன்னாரு. இல்லேன்னேன். தீமிதிக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன். நாலு தேசத்துத் தீமிதி ஏற்கெனவே இருக்காம். மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கு வெக்கமாயிடுச்சு. எங்கேருந்தோ வந்த மனுசன், ஒரு கொடூரம்கூட இல்லாத ஊரான்னு நெனச்சுக்கிட்டுப் போவாரே. ஊர் மானம் என்னாவறது?

அதனால ஒரு வழக்கத்த உண்டாக்கினேன். பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கடலுக்கு மாப்பிள்ளை குடுப்போம்னேன். ஒருத்தன அலங்காரம் பண்ணி, கட்டுமரத்துல கட்டி, கடல்ல விட்டுருவோம், திரும்ப மாட்டான்னேன். முசே ரென்சோ எந்திரிச்சு என் ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டாரு. இந்த வருஷம்தான் அந்தப் பன்னெண்டாவது வருஷமான்னு கேட்டாரு. ஆமாம், வர்ற வெள்ளிக்கெழமைன்னேன்.

குப்பத்துல சொல்லி அறுபது பேர சேத்தாச்சு. சாவுறதுக்குத்தான் ஆள் கெடைக்கல. ஒருத்தன் பொண்டாட்டி விடலேங்கிறான், ஒருத்தன் மாமியா வீட்டுக்குப் போவணுங்கிறான். சரின்னு நானே உக்காந்துட்டேன். சந்தனம் பூசி, மாலை போட்டு, வாழ நாரால கட்டினாங்க. நனைஞ்சா இழுத்ததும் வந்துடும். பக்கத்துப் படகுக்குப் பின்னால போய் எந்திரிக்கிறதுன்னு ஏற்பாடு. ஒரே தொல்லை, கரையில அழ வேண்டிய அறுபது பேரும் சிரிக்கிறாங்க. முசே ரென்சோ என்ன செஞ்சாரு தெரியுமா? எல்லாரையும் முதுகுப் பக்கமா எடுத்தாரு. சிரிச்சாலும் அழுதாலும் முதுகு ஒரே மாதிரிதான் குலுங்குது. அதெல்லாம் பெரிய வித்தைம்மா, எழுதிக்கோங்க.

நான் முங்கறதுக்கு முன்னால ஒரு பார்வை பாத்தேன் பாருங்க, கரையப் பாத்து. அதுலதான் ரோமாபுரி அழுதுச்சு. பன்னெண்டு வருஷத்துல எனக்கு இப்படி யாரும் சாவலன்னாரு.

அதோட என்னைய விட மனசில்ல அவருக்கு. அடுத்த படத்துக்கு நேபாளம், பர்மா, அரபு தேசம்னு போறோம், நீ இல்லாம முடியாதுன்னாரு. தனக்கோடிகிட்ட மூணு வாரம்னு சொன்னேன். போனதும் கடுதாசி போடுங்கன்னா. போடாம இருப்பனா, அதுதானே என் பொழப்புன்னேன்.

பதினோரு மாசம் ஆயிடுச்சு.

எழுத நேரம் எங்கம்மா இருந்துச்சு? நேபாளத்துல பனியில ஒறைஞ்சு செத்த சாமியாரு நான்தான். அது ஊட்டி. பர்மாவுல யானை மிதிச்சு செத்தேன், யானைக்கு என்னையப் பாத்தாலே பயம், அத மயக்கறதுக்கே ஆறு நாளு. அரபு தேசத்துல தாகத்துல செத்தேன், ஒரு தடவை கோவணத்தோட, ஒரு தடவை தலப்பாவோட. இன்னும் ரெண்டு சாவு, அது எந்த தேசம்னு முசே ரென்சோவுக்கே நெனப்பில்ல. எல்லாத்துக்கும் ஒட்டுத் தாடி, சாயம், பொய்ப் பல்லு. ஒவ்வொரு சாவையும் வேற மாதிரி யோசிச்சு வக்கணும். ராத்தூக்கமே கெட்டுப் போச்சு. அவ நெனப்பு வராம இல்ல. வரும். எழுதணும்னு பேனாவ எடுப்பேன், ‘அன்புள்ள’ன்னு போடுவேன், அடுத்த ஷாட்டுக்கு பீனோ கூப்பிட்டுருவான்.

இதுக்குள்ள மொதப் படம் ரோமாபுரியில முடிஞ்சு, ஊர் ஊரா ஓட ஆரம்பிச்சிடுச்சு. பிரான்சு தேசத்துல தூலோன்னு ஒரு துறைமுகம். எம் மச்சான் கலியமூர்த்தி, தனக்கோடியோட அண்ணன், அங்கதான் பட்டாளத்துல இருந்தாரு. ரெண்டு சண்டைக்குப் போயிட்டு வந்த ஆளு. ஞாயித்துக்கெழமை கூட்டாளிங்களோட சினிமாவுக்குப் போயிருக்காரு. திரையில நான். மாலையும் கழுத்துமா கட்டுமரத்துல. எனக்கு வலது கால்ல ஆறு வெரலு, இதோ பாருங்க, இது போதுமே அடையாளத்துக்கு. ‘இந்த மனிதனின் கடைசிப் பார்வை இது. எங்களால் காப்பாற்ற முடியவில்லை’ன்னு பின்னாலேருந்து கொரல் சொல்லுது. கலியமூர்த்தி எந்திரிச்சு ‘மாப்ளே’ன்னு அலறி, நாற்காலியெல்லாம் தாண்டித் திரைகிட்ட ஓடினாராம். படத்தையே நிப்பாட்டிட்டாங்களாம். எவ்ளோ நல்லா நடிச்சிருந்தா ஒரு சொல்தா அப்படி ஓடியிருப்பாரு, நீங்களே சொல்லுங்க.

மறுநா தந்தி. பின்னாலயே விவரமாக் கடுதாசி, கண்ணால பாத்தேன்னு.

அத நம்பிட்டாம்மா இவ. அதான் எனக்கு ஆறவே இல்ல. படிச்ச பொண்ணு. குப்பத்துல போய் அந்த அறுபது பேர்ல ஒருத்தனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான். அவங்களும் போய்ச் சொன்னாங்களாம், அது வெளையாட்டும்மான்னு. அதுக்கு இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? ‘அன்னைக்கு வெளையாட்டா இருந்திருக்கும். ஆனா அதுக்கப்புறம் பத்து மாசம் ஆவுது. ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதுறவரு, உசுரோட இருந்தா எனக்கு ஒண்ணு போட்டிருக்க மாட்டாரா?’ இப்படி ஒரு கணக்கு. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கருமாதிக்குக் கெளம்பிட்டாங்க. கடற்கரையிலயே எல்லாம் முடிச்சு, பதினாறு செஞ்சு, பொட்டழிச்சு, தாலி எறக்கி எல்லாம் ஆயிடுச்சு.

நான் மத்தியான ரயில்ல வந்து எறங்கறேன். கூர்மூக்கு ஷூ, கறுப்புக் கண்ணாடி, காலர் தூக்கின சட்டை. ஜட்கா வண்டிக்காரரு என்னையப் பாத்தாரு, குதிரைய விட்டுட்டு ஓடிட்டாரு. சினிமாவுல நடிச்சது தெரிஞ்சு போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். தெருவுல எல்லாரும் வெளிய வந்து நிக்கிறாங்க. நான் கையக் காட்டிக்கிட்டே வர்றேன். வீட்டுக்குள்ள பாத்தா என் போட்டோவுக்கு மாலை. அதுவும் நல்ல போட்டோவா எடுக்கக் கூடாதா? அடையாள அட்டைக்கு எடுத்தது.

தனக்கோடி மேசைக்குப் பின்னால உக்காந்திருந்தா. என் மேசை. எதிர்ல ஒரு பொம்பள அழுதுக்கிட்டு நிக்குது, இவ எழுதிக்கிட்டிருக்கா. நான் செத்ததா ஆனதும் என்னையத் தேடி வந்தவங்களுக்கு இவ தமிழ்ல எழுதிக் குடுக்க ஆரம்பிச்சிட்டாளாம். புருஷனுக்குப் போற கடுதாசிக்குப் பிரெஞ்சு எதுக்கு, அவன் தமிழன்தானேன்னு. என்னைய நிமிந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அழுவான்னு நெனச்சு நான் கண்ணாடியக் கழட்டினேன். ‘உசுரோடதான் இருந்தீங்களா’ன்னா. அவ்வளவுதான். எந்திரிச்சு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. சந்தோஷத்துல ஒண்ணும் புரியலபோல.

அப்புறம் ஊர்ப் பெரியவங்க கூடினாங்க. புரோகிதம் பண்ற வைத்தா ஐயரு ஏட்டையெல்லாம் பொரட்டிட்டுச் சொன்னாரு. கருமாதி ஆனவன் அப்படியே உள்ள வந்தா வீட்டுக்கு ஆகாது. ஒரே வழிதான் இருக்கு, இன்னொரு தடவை பொறக்கணும். தொப்புள் அறுக்கிறதுலேருந்து காது குத்துற வரைக்கும் எல்லாம் திரும்பச் செய்யணும். தனக்கோடி கதவுக்குப் பின்னாலேருந்து கேட்டா, ‘அப்ப கல்யாணமும் மொதல்லேருந்தா?’ ஐயரு, ஆமாம்மா, அதுவும்தான், அதே பொண்ணக் கட்டிக்கலாம்னாரு. ‘அப்ப சரி. பொறக்கட்டும்’னா. அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கு பாருங்க.

நான் ஓடிப்போய் முசே ரென்சோவுக்குத் தந்தி குடுத்தேன். பம்பாயிலேருந்து பறந்து வந்தாரு. விவரத்தக் கேட்டுட்டு என் தோளப் புடிச்சுக்கிட்டு அழுவுறாரு. ‘நிஜமாவா? நீ உண்டாக்கினது இல்லையே?’ன்னு மூணு தடவை கேட்டாரு. பன்னெண்டு வருஷம் உலகம் பூரா சுத்தினதுல அவருக்குக் கெடைச்ச மொத நிஜம்மா இது.

வைகாசி மாசம் ஒரு வெள்ளிக்கெழமை. பெரிய அண்டாவுல வெந்நீர் ஊத்தி, ஒரு கரண்டி நெய்ய விட்டு, என்னைய உள்ள உக்கார வச்சு, மேல பொடவையால மூடிட்டாங்க. அதான் கர்ப்பம். ஐயரு மந்திரம் சொல்லி முடிச்சதும் தலைய வெளிய விடணும், வீல்னு அழணும். நான் அழுதேன் பாருங்க, தெரு நாயெல்லாம் பதில் குடுத்துச்சு. எங்க நின்னா கேமராவுல நல்லா வுழும்னு முசே ரென்சோவக் கேக்குறேன், அவரு நகத்தக் கடிச்சுக்கிட்டு, ‘எனக்கு எப்படித் தெரியும்? நிஜத்துல நான் இதுவரைக்கும் எடுத்ததே இல்ல’ங்கிறாரு. பாவமா இருந்துச்சு.

அடுத்தது சேனை. பொறந்த புள்ளை நாக்குல சக்கரத் தண்ணி தொட்டு வக்கிறது. யாரு வக்கிறாங்களோ அவங்க கொணம் புள்ளைக்கு வருங்கிறதனால பெரிய மனுசங்களாப் பாத்துக் கூப்பிடுவாங்க. நான் முசே ரென்சோவ வக்கச் சொல்லலாம்னு இருந்தேன். தனக்கோடி தபால்காரர் நாகசாமியக் கூப்பிட்டு வக்கச் சொல்லிட்டா. நல்ல மனுசந்தான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா சொந்தமா, பந்தமா? ஏன் அவருன்னு எனக்கு அப்பவும் தெரியல. அவரும் சைக்கிள சாத்திட்டு வந்து, காக்கிச் சட்டையோட, பயபக்தியா வச்சுட்டுப் போனாரு.

அப்புறம் தொட்டில். சேலைய உத்தரத்துல கட்டி என்னைய உள்ள போட்டு ஆட்டினாங்க. மூணாவது ஆட்டுல சேலை கிழிஞ்சு விழுந்தேன். ‘புள்ளை குப்புற விழுந்துட்டான், இனிமே தவழ்வான்’னு ஒரு கெழவி சொல்ல, எல்லாருக்கும் சிரிப்பு. பேர் வச்சாங்க, சோறு ஊட்டினாங்க, காது குத்தினாங்க, அரிசியப் பரப்பி ‘அ’னா எழுத வச்சாங்க. நாலு மணி நேரத்துல முப்பத்தேழு வருஷம் வளந்தேன். பீனோ ஒரு எடத்துல கேமராவ வச்சுட்டு சிரிச்சான், அதனால காது குத்து படத்துல பாதிதான் இருக்கும், கவனிச்சிருப்பீங்க.

கடைசியா மணவறை. மஞ்சக் கயிறு தட்டுல தயாரா இருக்கு. கலியமூர்த்தி மச்சானும் லீவு போட்டு வந்திருந்தாரு. எனக்கு மனசு அடிச்சுக்குது, கேமராவுக்கு இல்லம்மா, நிஜமாவே. தனக்கோடி வந்து உக்காரல. நின்னுக்கிட்டே ஐயரப் பாத்துச் சொன்னா.

“புள்ளை பொறந்து நாலு மணி நேரம்தான் ஆவுது, சாமி. அதுக்குள்ள கல்யாணமா? எங்க அண்ணன் வீடு பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டது. இருபத்தொண்ணு முடியாம யாரும் மேஜர் கெடையாது. புள்ளைக்கு இருபத்தொண்ணு முடியட்டும். அப்புறம் முறையா வந்து கேக்கச் சொல்லுங்க. போன தடவை என்னைய யாரும் கேக்கல. இந்தத் தடவை கேக்கட்டும், பொண்ணுக்குப் புடிச்சா பாக்கலாம்.”

ஐயரு ஏட்டப் பொரட்டினாரு. தலையச் சொறிஞ்சாரு. பொண்ணு சொல்றது சரின்னுட்டாரு. கலியமூர்த்தி மீசைக்குள்ள சிரிக்கிறாரு. முசே ரென்சோ என் கையப் புடிச்சு என்ன சொல்றா, என்ன சொல்றான்னு உலுக்குறாரு. சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சு வரலன்னேன்.

இவ்வளவு பேச்சு வரலையான்னு கேட்டாரு.

அதுலேருந்து நான் சைக்கிள் கடைக்குப் பின்னால ஒரு ரூமுல. அவ அதே வீட்டுல, அதே மேசையில. தெருவுல பாத்தா நல்லாத்தான் பேசுவா. ஆனா தம்பிம்பா. ‘சாப்பிட்டீங்களா தம்பி’ம்பா. நான் அவளுக்கு அப்புறம் பொறந்தவனாம், அதனால. ஒரு வருஷம் போனதும் தனியாப் படுத்துக்கிட்டு அழுதிருக்கேம்மா. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அவ வீட்டு வாசப்படிய மிதிக்க முடியலையேன்னு அவ்வளவு தவிப்பு.

அந்தப் பக்கம் முசே ரென்சோ மோசம் போயிட்டாரு. படத்த ரோமாபுரியில போட்டாரு. தமிழ் தெரிஞ்ச பாதிரியார் ஒருத்தர வச்சு அவ பேசினதக் கண்டுபுடிச்சு அப்படியே கீழ எழுதிப் போட்டிருக்காரு. ஜனங்க சிரிச்சாங்களாம். இந்தியப் பொம்பள எவளாவது தாலி வேணாம்பாளா, இது ரென்சோ எழுதின வசனம்னு பேப்பர்க்காரன் எழுதிட்டான். எழுதினவன் சும்மா இருக்காம பழைய படமெல்லாம் போட்டுப் பாத்து, சாமியாரு, அரபி, கட்டுமரத்து ஆளு, எல்லார் காலையும் வரிசையா போட்டோ போட்டான். ஏழு காலு, ஏழுலயும் ஆறு வெரலு. பொய்யா எடுத்தப்பல்லாம் மயக்கம் போட்டு விழுந்தவங்க, நிஜத்த எடுத்ததும் கல்லெறிஞ்சாங்க.

எனக்கு எழுதினாரு. நாலு பக்கம், அழுகையா. நண்பா, நான் பண்ணின பொய்யெல்லாம் ஒத்துக்கிட்டேன், ஆனா இந்த ஒண்ணு நிஜம்னு நிரூபிச்சாத்தான் இன்னொரு படம் எடுக்க முடியும். உன் மனைவி கைப்பட ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுன்னு.

தமிழ்ல எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாசல்ல நிக்க வச்சே படிச்சா. ‘பாவம், பதிலுக்குக் காத்துக்கிட்டிருப்பாரு’ன்னா. உடனே எழுதினா. மடிக்காமக் குடுத்தா, அதனால படிச்சேன். ‘ஐயா, இந்தப் படத்தில் இருக்கிற பெண் நான்தான். நான் பேசினது நிஜம். அந்த மனிதர் மட்டும்தான் நடிப்பு. இப்படிக்கு, தனக்கோடி.’

அங்கயே நின்னு மூணு தடவை படிச்சேம்மா. பத்து வருஷம் குடும்பம் பண்ணினவ, ஒரு நாள் உங்க நடிப்பு நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. எழுத்துலயே குடுத்துட்டா. நடிப்புன்னு, கையெழுத்தோட. அத எப்படி அனுப்ப மனசு வரும்? நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம்னு வச்சிருந்தேன். தலையணைக்குள்ள வச்சிருந்தேன். மூணு கடுதாசி போட்டாரு முசே ரென்சோ, எங்க, எங்கன்னு. அப்புறம் போடல. ஆக, அவரு சினிமா வாழ்க்கை ஏன் முடிஞ்சுதுன்னு நீங்க கேட்டீங்கல்ல, என்னாலதான். எழுதிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல.

இருபத்தொண்ணு முடிஞ்ச அன்னைக்குக் குளிச்சு, வேட்டி கட்டி, பூவும் பழமும் எடுத்துக்கிட்டுப் போனேன். எனக்கு அம்பத்தெட்டு. முறையாக் கேக்கச் சொன்னியே, வந்திருக்கேன்னேன். மாப்பிள்ளைக்கு என்ன தகுதின்னு கேட்டா, விளையாட்டாத்தான். நான் பெருமையா அந்தக் கடுதாசிய எடுத்து நீட்டினேன். நீயே எழுதின நற்சாட்சிதான்னேன்.

அதப் பாத்ததும் அவ மொகமே மாறிடுச்சு. அப்படி ஒரு கோவத்த நான் பாத்ததில்ல.

“இத அனுப்பவே இல்லையா?”

“நீ எனக்கு எழுதினது இது ஒண்ணுதானே தனக்கோடி.”

“இது உங்களுக்கு எழுதினது இல்ல. அந்த மனுசன் இருபது வருஷம் தபால்காரரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரே. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஏழு தடவை செத்தவன், அந்தப் படியில நின்னுக்கிட்டு கடுதாசிய மடிக்கிறேன், பிரிக்கிறேன். ‘தபாலாபீஸ் இன்னும் சாத்தியிருக்க மாட்டாங்க’ன்னு மட்டும் அவ சொன்னா. பூ, பழம் எல்லாத்தையும் அங்கயே வச்சுட்டு ஓடினேன். அம்பத்தெட்டு வயசுல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடறேன், ஊரே பாக்குது. ரிஜிஸ்டர் பண்ணினேன். கவருக்குள்ள போடறப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஒரே நற்சாட்சி. ரசீதக் கொண்டாந்து குடுத்தேன்.

வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. முத்திரைத் தேதிய வெரலால தடவிப் பாத்தா. அப்புறம் ஒதுங்கி வழி விட்டா. ‘உள்ள வாங்க’ன்னா. தம்பின்னு சொல்லல.

முசே ரென்சோ ரெண்டு மாசம் கழிச்சு ஒரு படத்தபால் போட்டாரு. கடற்கரையில கோடு போட்ட குடைக்குக் கீழ நிக்கிறாரு, அங்க நாற்காலி வாடகைக்கு விடறாராம். கடுதாசிய ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன், வர்றவங்ககிட்டல்லாம் காட்டறேன், ஒருத்தனும் நம்பலன்னு எழுதியிருந்தாரு. சந்தோஷமாத்தான் எழுதியிருந்தாரு. போன வருஷம் போயிட்டாருன்னு உங்க கடுதாசியிலதான் தெரிஞ்சுது. பாவம், அவரு ஒரு தடவைதான்.

அவ ஒத்துக்குவான்னு எனக்குத் தெரியும்மா. இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சு, மேஜர் ஆயாச்சு, அதுக்கப்புறம் அவ என்ன சொல்ல முடியும்? சட்டம்னா சட்டந்தானே. ஒண்ணுதான் எனக்கு இன்னும் புரியல. அந்தத் தபாலாபீஸ் ரசீத பீரோவுல பட்டுப் பொடவைக்கு நடுவுல வச்சிருக்கா. வருஷா வருஷம் பொடவைய வெயில்ல காயப் போடறப்ப அதையும் எடுத்துத் தூசி தட்டி உள்ள வக்கிறா. இது எதுக்குன்னு கேட்டா, எனக்கு வந்த கடுதாசிங்கிறா. ரசீதப் போயி யாராவது கடுதாசிம்பாங்களாம்மா? நான் முப்பது வருஷம் கடுதாசி எழுதின ஆளு, எனக்குத் தெரியாதா.